புது ஆற்றுப் பாலத்தில் ஒரு டிஸ்க் பிரேக்

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தொண்ணூற்றாறாவது விதி பிரேக்குகளைப் பற்றியது. ஒரு காரில் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் இருக்க வேண்டும், காலால் மிதிக்க ஒன்று, நிறுத்தி வைக்க ஒன்று, இரண்டும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நான் மலேசியாவின் ஈப்போவில் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நாட்டுக்குப் போவதானாலும் அந்த நாட்டின் பிரேக் விதியைப் படித்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவேன். தஞ்சாவூரில் இறங்கிய அன்றே ஒன்று புரிந்துவிட்டது. அந்த மாவட்டத்தில் அந்த விதியைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

தங்கை வசந்தாவைப் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மகள் கயலுக்குத் தை மாதத்தில் கல்யாணம். நான் தாய்மாமன். சீர் வரிசையோடு போய் நிற்க வேண்டியது கடமை. இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. வசந்தாவின் கணவர் நடராஜன், அறுபதுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குன்னூரில் யாரோ எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. கல்யாண ஜோடி அதில்தான் ஊர்வலம் போக வேண்டுமாம். கார்த்திகை மாதமே போன் வந்தது: "மச்சான், பிரேக் ஆயில் ஒழுகுது." இங்கிலாந்தில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒருவருக்கு சேசிஸ் எண், சிலிண்டரின் அளவு, கையால் வரைந்த படம் எல்லாம் சேர்த்து எழுதி, ரப்பர் வாஷர்கள் கேட்டிருந்தேன். பதில் இல்லை. அப்படியே விமானம் ஏறிவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு ஒரு தனியார் பேருந்து. ஓட்டுநர் வலது கையை ஹாரனிலேயே குடிவைத்திருந்தார். பிரேக்கை மிதிப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர் போலிருந்தது. சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு புதிதாக அறுத்த சம்பா நெற்கதிர்களைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இது கைதாகிற குற்றம். இங்கே பேருந்து அதன் மேலேயே ஏறி இறங்கிப் போக, நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓரமாக நின்று கை காட்டினார். ஏற்றி மணியை உதிர்த்ததற்கு நன்றி சொல்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லக் கூடாதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"மெதுவாப் போனா பின்னாடி வர்ற வண்டிக்காரன் முந்திருவான். அப்புறம் ஒரத்தநாட்டு டிக்கெட்டெல்லாம் அவனுக்குப் போயிரும்," என்றார். அவர் அந்தப் பேருந்தின் முதலாளி இல்லை. நிலக்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பயணி. ஆனாலும் நஷ்டம் அவருக்கே வந்துவிடும் என்பது போலக் கவலைப்பட்டார்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை வண்டி ஒரு தென்னந்தோப்பு தூரம் தாண்டித்தான் நின்றது. "பிரேக் புடிக்கலையா?" என்று நடத்துநரிடம் கேட்டேன். "புடிச்சாருங்க. இங்க நிக்கணும்னு புடிச்சாரு," என்றார் அவர். சீர் வரிசைப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலில் நடராஜன் என் உடம்பு எப்படி, பயணம் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "வாங்க மச்சான். வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து பதில் வந்துச்சா?" என்றார்.

மறுநாள் நண்பகலில், கொப்பரை காயும் களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தேன். இங்கிலாந்தில் இந்த வகைக்குக் கரும்பச்சை அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டிவிட்டு மாம்பழ மஞ்சள் அடித்திருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, கயலும் மணமகன் பிரபுவும் இதில் உட்கார்ந்து கையசைக்கிற ஃப்ளெக்ஸ் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதில் வண்டியின் சக்கரத்துக்குக் கீழே மேகங்கள் வேறு.

ஸ்போர்ட்ஸ் கார் செய்வதில் பிரிட்டிஷாருக்கு இருந்த கர்வத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அதை நிறுத்துவதில் அவர்கள் காட்டிய தயக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆரம்பத்தில் கம்பியும் இரும்புத் தண்டும்தான். மிதித்தால் நான்கு சக்கரத்தில் ஏதோ ஒன்று முதலில் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பிப் போய் வேலியில் நிற்கும். குழாயில் எண்ணெயை அடைத்து அழுத்தத்தால் பிடிக்க வைக்கும் முறையை அமெரிக்கர்கள் கைக்கொண்ட பிறகும், குழாய் உடைந்தால் என்னாவது என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் கம்பியையே கட்டி அழுத பிரிட்டிஷ் கம்பெனிகள் உண்டு. பிறகு டிரம் வந்தது. மலை இறக்கத்தில் நாலு தடவை மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஐம்பதுகளில்தான் பிரான்சில் இரவு பகலாக நடக்கிற பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கைப் போட்டு ஜெயித்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் சாலையில் விற்ற கார்களுக்கு முன் சக்கரங்களில் மட்டும் டிஸ்க், பின்னால் பழைய டிரம்தான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய்த் தொடர். எங்கே ஒழுகினாலும் நான்கும் போச்சு. அமெரிக்கச் சட்டம் மிரட்டிய பிறகு, அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் குழாயை இரண்டாகப் பிரித்துப் போட்டார்கள். சொந்த நாட்டுக்காரனுக்குப் பல வருடம் பழைய ஒற்றைத் தொடரையே விற்றார்கள். குன்னூருக்கு வந்தது எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

களத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனாலும் வண்டி நின்றது.

"ஒழுகல் நின்னுடுச்சு மச்சான்," என்றார் நடராஜன்.

"எப்படி நின்னுச்சு மாப்ள?"

"தானாதான்."

தானாக நின்ற ஒழுகலை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. பூஜை போட்டாயிற்று, கல்யாணம் முடியும்வரை திறக்கக் கூடாது என்று ஐயர் சொல்லியிருக்கிறாராம். மெக்கானிக் சேகரும் தலையை ஆட்டினான். இயந்திரத்தைப் பரிசோதிக்க ஐயரிடம் அனுமதி வாங்க வேண்டிய நடைமுறையை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் பிற்பகல், மணமகன் வீட்டில் விருந்து. பேராவூரணிக்கு அந்தக் காரிலேயே போனோம். வழியெல்லாம் தென்னை. கஜா புயலுக்குப் பின் நட்ட மரங்கள் காய்க்கத் தொடங்கிவிட்டதை நடராஜன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டினார். ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் எங்கிருந்தோ அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. கடைத்தெருவில் நின்றபோது மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் மூக்கைச் சுளித்துப் பார்த்தாள்.

"என்னண்ணே, வண்டிக்குள்ளயே வடை சுடுறீங்களா?"

நடராஜன் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்.

விருந்தில் மீன் குழம்பில் தேங்காய்ப் பால். பொரியலில் தேங்காய்த் துருவல், கூட்டில் அரைத்த தேங்காய், பாயசத்தில் பல்லுப் பல்லாகத் தேங்காய். எங்கள் ஊரிலும் தேங்காய்ப் பாலில் சோறு சமைப்போம். ஆனால் அடுத்த பதார்த்தத்துக்கு வழிவிட வேண்டும் என்கிற நாகரிகம் அங்கே உண்டு. குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் ஒத்திகை. தாலி கட்டுவது கோயிலில், பொழுது விடிவதற்குள். அங்கிருந்து ஜோடி ஊர்வலமாக மண்டபத்துக்குப் போக வேண்டும். நடுவே கல்லணைக் கால்வாய். அதைப் புது ஆறு என்கிறார்கள். அதன் மேல் ஒரு மேட்டுப் பாலம். தட்டையான அந்தச் சீமையில் இருக்கிற ஒரே ஏற்ற இறக்கம் அதுதான். அதன் வழியாக ஊர்வலம் வைத்திருக்கிறார்கள். அசல் நேரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் நடராஜன். பனி இறங்கியிருந்தது. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். களத்து வாசலில் பிரேக்கை மிதித்தார். பெடல் அசையவில்லை. எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தார். பாறை மேல் ஏறி நின்றது போலிருந்தது. வண்டி நிதானமாகப் போய் உரிமட்டைக் குவியலில் மூக்கைச் செருகி நின்றது.

"திருஷ்டி," என்றார் நடராஜன், மட்டைக்குள்ளிருந்து.

"பனிங்க. பெடல் இறுகிப் போயிருக்கும்," என்றான் சேகர்.

இருவரையும் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வசந்தா தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். "உறைஞ்சு கெடக்குண்ணே. சுடுதண்ணியில வச்சு எடுத்துக்கங்க." பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று நெய்யைப் போல் கட்டியாக இருந்தது. பேராவூரணி வழியெல்லாம் வந்த அப்பள வாசனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தோளில் துண்டோடு கொட்டகைக்கு வந்து சந்தனத்தைச் சுரண்டி மூடியைத் திருகினேன். ஐயர் வந்து தடுக்கவில்லை. உள்ளே அதே வெள்ளைக் கட்டி.

"மாப்ள, இது என்ன?"

"நம்ம மில்லு எண்ணெய்தான் மச்சான்," என்றார் நடராஜன். குற்ற உணர்வின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. "பழசை மொத்தமா எடுத்துட்டு இதை ஊத்தச் சொன்னேன். கலப்படம் கிடையாது. ஊத்தின ரெண்டு நாள்ல ஒழுகல் நின்னுடுச்சு பாருங்க."

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

"வண்டியோட புத்தகத்துல போட்டிருக்குல்ல. மினரல் ஆயில் ஊத்தாதே, ரப்பர் கெட்டுப்போயிரும், தாவர எண்ணெய்ல செஞ்ச ஆயில்தான் ஊத்தணும்னு. கயல்தான் படிச்சுச் சொன்னா. தென்னை தாவரம் இல்லியா?"

புத்தகம் சொல்வது உண்மைதான். அந்தக் காலத்து இயற்கை ரப்பருக்கு ஆமணக்கு எண்ணெயும் சாராயமும் கலந்த திரவத்தைத்தான் ஊற்றினார்கள். எந்தக் குளிரிலும் உறையாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த சேர்மானம் அது. ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, வீட்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுதான் அந்த வாக்கியம் சொல்வது என்று முடிவு கட்ட, ஒருவருக்குச் சொந்தமாக எண்ணெய் மில் இருக்க வேண்டும். ஒழுகல் நின்ற ரகசியமும் அதில் இருந்தது. வாஷர்கள் எண்ணெயைக் குடித்து ஊறிப் பருத்து ஓட்டையை அடைத்திருந்தன.

"பத்து மணிக்கு மேல வந்து பாருங்க மச்சான், தண்ணியா ஆயிடும். மத்தியானம் நல்லாத்தானே புடிச்சுது?"

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு மாப்ள?"

அதற்குள் வசந்தா வந்து நின்றிருந்தாள். "என் பொண்ணை இதுலயா ஏத்தப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, கடையில் வாங்கிய சரியான ஆயிலை ஊற்றினோம். பருத்திருந்த வாஷர்கள் கழுவும்போதே பிய்ந்துவிட்டன. பெடல் தரை வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. டிராக்டர் வாஷர், வேன் வாஷர் என்று சேகர் கைநிறையக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தான். அதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இது அங்குலக் கணக்கு. ஒன்றும் உட்காரவில்லை. மாலைக்குள் நிலைமை இதுதான்: கால் பிரேக் அறவே கிடையாது. பின் சக்கர டிரம்களைக் கம்பியால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் மட்டும் இருந்தது. வாடகைக்கு வேறு கார் எடுக்கச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்றே என்றார் நடராஜன். வண்டிக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் தீப்பந்தம் பிடிப்பவர்களும் நடப்பார்கள், பாலத்து இறக்கத்தில் இந்த வண்டியை நிறுத்தப் போவது தவில்காரரின் கெண்டைக்கால்தான் என்றேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் ஃப்ளெக்ஸ் என்றார்.

கயல் மருதாணிக் கையை விரித்தபடி வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னார்குடியில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவ்வளவு எளிதில் பதறுவதில்லை.

"இன்ஜினைப் போடாம தள்ளிக்கிட்டுப் போனா என்ன மாமா? தேரு என்ன பெட்ரோல்லயா ஓடுது?"

"தேரை நிறுத்த ஆளு இருக்கு."

"அவங்களையே கூப்பிட்டா?"

கூப்பிட்டார்கள். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற இருவர். ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகி அதை நிறுத்துகிறவர்கள். மூத்தவர் பெயர் கோவிந்தசாமி. அவர் காரைச் சுற்றி வந்து, முன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எத்தனை டன்னுங்க?"

"ஒரு டன்கூட வராது," என்றேன்.

"அப்ப ஆட்டுக்குட்டிங்க." பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். தாம்பூலம் யாருக்கு முதலில்? தேரோட்டத்தில் தங்களுக்குப் பரிவட்டம் கட்டுவது வழக்கம், அதில் குறை வைத்தால் கட்டை விழாது என்றார். எனக்கு அடுத்தபடி தருவதாக நடராஜன் சொன்னார். தாய்மாமன் வண்டியை நிறுத்துவாரா என்று கேட்டார் கோவிந்தசாமி. அரை மணி நேர வாதத்துக்குப் பின் முதல் தாம்பூலத்தை நான் விட்டுக்கொடுத்தேன். என் அனுபவத்தில் எந்தப் பரிசோதனை மையத்திலும் பிரேக் இப்படிப் பேரம் பேசியதில்லை.

அன்று மாலை கயலைக் காரில் உட்கார வைத்து, இரண்டு இருக்கைக்கும் நடுவே இருக்கிற ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிரபு ஸ்டியரிங்கைப் பிடிப்பான், அவன் கால் பழக்க தோஷத்தில் செத்த பெடலைத்தான் தேடும், நீ அவனை நம்பாதே என்றேன். "கல்யாணத்துக்கு முந்தின நாளே இதைச் சொல்றீங்களே மாமா," என்றாள்.

தாலி கட்டி முடிந்து, இருட்டு பிரியாத நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. கொப்பரைக் களத்து ஆட்கள் பின்னால் தள்ளினார்கள். பரிவட்டத்தோடு கோவிந்தசாமி இடது பக்கம், அவருடைய ஆள் வலது பக்கம். நான் கயல் பக்கத்தில் கதவைப் பிடித்தபடி நடந்தேன். சமதளத்தில் எல்லாம் அழகாகவே நடந்தது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் தள்ளியவர்கள் கையை எடுத்துக் கும்பிட்டார்கள். பாலத்தைக் கடக்கும்போது புது ஆற்றைக் கும்பிடுவது வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டி தானாக இறங்க ஆரம்பித்தது. முன்னே தவில்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தபடி நடந்தார். கோவிந்தசாமியின் கட்டை சரியாக விழுந்தது. வலது பக்கத்து ஆள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததில் அவருடைய கட்டை தாமதித்தது. ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடிக்காததில், நூறு வருடத்துக்கு முந்தைய கம்பி பிரேக் எப்படி இழுக்குமோ அப்படியே வண்டி இடது கைப்பிடிச் சுவரை நோக்கித் திரும்பியது. கட்டை நழுவிற்று. கதவைப் பிடித்திருந்த என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பிரபு பெடலை மிதித்து மிதித்து, "புடிக்கல, புடிக்கல," என்றான்.

கயல் மாலைக்குள்ளிருந்து கையை விட்டு லிவரை இழுத்தாள். மருதாணிக் கை நரம்பு புடைக்க, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தாள். பின் டிரம்கள் கிறீச்சிட்டன. பாலத்துக்குக் குறுக்கே, சுவருக்கும் தவில்காரருக்கும் நடுவில் வண்டி நின்றது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனை அழுத்தியது. நாதஸ்வரம் நிற்கவே இல்லை.

"விடாதம்மா," என்றேன்.

"நான் விடல மாமா. அவரை முதல்ல காலை எடுக்கச் சொல்லுங்க."

மண்டபத்தில் வசந்தா மகளின் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் லிவரின் பொத்தான் பதிந்து தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்தபடியே பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். நடராஜனோ பந்தி பந்தியாகப் போய், பாலத்தில் வண்டி நின்ற அழகை விவரித்துக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி இரண்டு முறை சாப்பிட்டார். கிளம்புகிற அன்று நடராஜனைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், வாஷர் வந்து மாட்டும்வரை இந்த வண்டி நகரக் கூடாது என்று சொல்லிச் சாவியை வசந்தாவிடம் ஒப்படைத்தேன். சரி மச்சான் என்றார். அந்த ஊரில் சரி என்பதற்கு, நீங்கள் ஊருக்குப் போங்கள் என்று பொருள்.

ஈப்போ திரும்பிய பின் இங்கிலாந்துக்கு இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். பதில் ஒரு மாலையில் வந்தது. தாமதத்துக்கு வருத்தமாம். வாஷர்கள் கைவசம் இருக்கின்றனவாம், அனுப்பிவிட்டார்களாம். அவை வந்து பொருத்தப்படும்வரை எக்காரணம் கொண்டும் வண்டியை ஓட்ட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே கயலிடமிருந்து ஒரு படம் வந்தது. புதுத் தாலிக் கயிறு மாற்ற ஜோடியாகப் புது ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். ஆறு கரை தொட்டு ஓடுகிறது. படித்துறைச் சரிவில், மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு மாம்பழ மஞ்சள் வண்டி. முன் சக்கரத்தடியில் ஒரு செங்கல். பக்கத்தில் நடராஜன் கையசைக்கிறார்.

பதில் வந்த அன்று ஆடிப் பதினெட்டு.